ஒரே வலைக்கு இரண்டு காவல்

அத்தியாயம் பதினேழு

சனிக்கிழமை வந்தேவிட்டது.

போன வாரம் பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், "இருக்கறது ஒரு இடம்தான். சனிக்கிழமை ரெண்டு பேரையும் எதிரெதிர் கோல்ல நிறுத்திப் பார்க்கறேன். அன்னிக்கே சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் அல்லவா? அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு சுருங்கிவிட்டது. உப்பு எங்கே, சாவி எங்கே, குழாயை மூடினாயா என்ற அளவுக்கு மேல் யாரும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போதுதான் நம்மோடு வந்து சேர்ந்திருப்பவர்களுக்காக நாலு வரி. இந்த ஹாக்கி கிளப்பின் பெரிய அணியில் கோல்கீப்பருக்கு இரண்டு இடம். முதல் ஆள் முழங்கால் அறுவை முடிந்து படுத்திருக்கிறார். அவர் எழுந்து வரும்வரை இரண்டாவது ஆள்தான் கோலில் நிற்க வேண்டும். அந்த இரண்டாவது இடம் பழைய ஆளுக்கே இருக்குமா, புது ஆளுக்குப் போகுமா என்றுதான் இப்போது போட்டி. போட்டி போடுகிற இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள். ஒருவர் வீட்டு மாப்பிள்ளை. இன்னொருவன் வீட்டுப் பையன்.

மாப்பிள்ளைக்கு மைதானத்தில் 'சுவர்' என்று பெயர். பெயர் பெரிய பெயர்தான், ஆனால் அந்தச் சுவர் இத்தனை வருடமாக நின்றதைவிட பெஞ்சில் உட்கார்ந்ததுதான் அதிகம். முதல் ஆளுக்கு ஒரு ஜலதோஷம்கூட வந்ததில்லை என்றால் இவர் என்ன செய்வார், பாவம்! முழு உடுப்பையும் மாட்டிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை வியர்க்காமல் உட்கார்ந்திருந்து, வியர்க்காத சட்டையைத் துவைக்கப் போடுகிறவர். இந்த வருடம்தான் கதவு திறந்திருக்கிறது. இதை விட்டால் அவர் வயதுக்கு இன்னொரு தரம் திறக்காது.

பையனுக்குப் பத்தொன்பது வயது. ஜூனியர் அணியில் இது கடைசி வருடம். மேலே ஏறாவிட்டால் வெளியே போக வேண்டியதுதான். அத்தானின் பழைய கால் பேடுகளைக் கட்டிக்கொண்டு விளையாட ஆரம்பித்தவன் என்பதால், சுவரின் மச்சினன் செங்கல் என்று அவனுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். "டேய் செங்கல்" என்று கூப்பிட்டால்தான் மைதானத்தில் திரும்பிப் பார்ப்பான்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

அன்று காலை பால்கனியில் இரண்டு ஜோடி பேடுகள், இரண்டு ஹெல்மெட்டுகள், இரண்டு ஜோடி கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. காய்ந்துகொண்டிருந்தன என்பது பேச்சுக்குச் சொல்வது. கோல்கீப்பரின் உடுப்பு முழுதாகக் காய்ந்ததை யாரும் பார்த்தது கிடையாது. கீழ் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தே வெகு காலமாகிறது.

அம்மா கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க மனிதர்களை உட்காரவைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு லென்ஸ் மாற்றுவது அவள் பிழைப்பு. அன்றைக்கு விடுப்பு. பையன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"முட்டை இன்னொண்ணு போடட்டுமாடா?"

"வேணாம்மா. வயிறு முட்ட தின்னா குனிய முடியாது."

"நீ நல்லா ஆடுவே. எனக்குத் தெரியும்."

"ம்."

"அத்தானும் பாவம்டா."

பையன் மெல்லுவதை நிறுத்தினான். "இப்ப எதுக்கும்மா அது?"

"சும்மாதான் சொல்றேன். எத்தனை வருஷமா அந்த பெஞ்சையே தேய்ச்சுக்கிட்டு இருக்காரு. இப்பதான் விடிஞ்சிருக்கு. இந்த நேரத்துல இந்த வீட்டுப் பையனே போய் அவர் இடத்தைப் பிடுங்கினா, நான் உன் அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?"

"நான் எங்கம்மா பிடுங்கறேன்? கோச் ஆடச் சொல்றாரு, ஆடறேன்."

"ஆடாதேன்னா சொன்னேன்? பார்த்து ஆடுன்னு சொல்றேன்."

"பார்த்து ஆடுன்னா?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அணைந்த அடுப்பு அது.

"உனக்கு வயசு இருக்குடா. அவருக்கு இல்ல."

"எனக்கும் இதுதாம்மா கடைசி வருஷம்."

"ஜூனியர்லதானே? உலகத்துல வேற கிளப்பே கிடையாதா?"

கிடையாது என்று அவளுக்கே தெரியும். வெளியே அனுப்பப்பட்ட ஜூனியர் கீப்பர்களை வேறு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்துத் தெருவில் அப்படி ஒருவன் பூட்டு ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறான்.

"அக்கா சொல்லச் சொன்னாளா?" என்று பையன் கேட்டான்.

"ஐயோ! அவ காதுல விழவே கூடாது. உன் கால்ல வேணா விழறேன், சொல்லிடாதே."

பையன் கடைசித் துண்டு ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு, தட்டைக் கழுவி வைத்தான். தட்டைக் கழுவுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

"சரிம்மா" என்றான்.

பெற்ற பிள்ளைக்காகப் பேசாமல் மாப்பிள்ளைக்காகப் பேசுகிறாளே, இவள் என்ன அம்மா என்று யாராவது கேட்பீர்கள். பெற்றவள் என்பதால்தான் பேசினாள். மகன் ஜெயிக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல. அந்த ஆசை முகத்தில் தெரிந்துவிடுமோ என்று வாரம் முழுக்க வெட்கப்பட்டு, கடைசியில் அதற்கு நேரெதிரான காரியத்தைச் செய்து முடித்தாள். நியாயமாக நடந்துகொண்ட திருப்தி வர வேண்டும். வரவில்லை.

இதே நேரத்தில் மாடியில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து ஸ்டிக்கின் கைப்பிடிக்குப் புது டேப் சுற்றிக்கொண்டிருந்தார். மகள் பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள். "எனக்கே பல் வலி" என்று மருத்துவரிடம் பொய் சொல்லி விடுப்பு வாங்கியிருந்தாள். பல் மருத்துவரிடம் போய்ச் சொல்கிற பொய்யா அது! திங்கட்கிழமை வாயைத் திறக்கச் சொல்லப் போகிறார்.

"என்னங்க."

"சொல்லு."

"கோபப்படக் கூடாது."

"அப்ப கோபம் வர்ற விஷயம்தான்."

"தம்பிக்கு இது கிடைக்கலைன்னா அம்மா உடைஞ்சு போயிடுவாங்க."

டேப் சுற்றுகிற கை நின்றது. பிறகு மறுபடி சுற்றியது.

"எனக்குக் கிடைக்கலைன்னா?"

"உங்களுக்கு நான் இருக்கேன்."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "நல்லா இருக்கே கதை. அவனுக்கு கோல், எனக்கு நீயா?"

"விளையாடாதீங்க. நீங்க விட்டுக் கொடுத்தா நாலு பேர் பெரிய மனுஷன்னு சொல்வாங்க. அவன் தோத்தா அவனுக்கு ஒண்ணுமே இல்ல. படிப்பையும் விட்டுட்டான். ராத்திரி தூக்கத்துல கூட காலை உதைச்சுக்கிட்டு கிடக்கான்."

"நான் வேணும்னே விட்டா கோச்சுக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியாத வித்தையா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மனைவி தன் ஆட்டத்தைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அந்த மனிதர் எவ்வளவோ காலம் காத்திருந்தார். சொல்லிவிட்டாள். இந்த மாதிரி சொல்வாள் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

"அத்தை கேட்கச் சொன்னாங்களா?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைத் தோலை உரிச்சிடுவாங்க. மாப்பிள்ளைகிட்ட போய் இப்படிக் கேட்கலாமாடின்னு."

டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். நுனியைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். அது ஒட்டிய பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி, போய்க் கிளம்பு. நேரமாகுது" என்றார்.

எனக்கு இந்த இரண்டு பெண்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, "என்ன சொன்னீங்க, அதை ஒருத்தருக்கொருத்தர் சொல்லுங்க" என்று கேட்க ஆசைதான். எழுதுகிறவளுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று நினைக்கிறீர்கள். இல்லை. இந்தக் குடும்பத்தில் யாரும் தனக்கு வேண்டியதைக் கேட்க மாட்டார்கள். அடுத்தவருக்கு வேண்டியதை, அவருக்குத் தெரியாமல், மூன்றாவது ஆளிடம் கேட்பார்கள். அதுதான் மரியாதை என்று பழகிவிட்டார்கள்.

வாடகை வண்டியில் போகும்போது நடந்த மரியாதையைச் சொன்னால் நீங்களே தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

"நீங்க முன்னாடி உட்காருங்க அத்தான், கால் நீட்டிக்கலாம்."

"நீ உட்காருடா. நீதான் உயரம்."

"பரவாயில்ல, நான் பையைப் பிடிச்சுக்கறேன்."

"என் பையை நீ ஏன்டா தூக்கறே? குடு இப்படி."

கடைசியில் முன் இருக்கையில் பை உட்கார்ந்தது. ஆண்கள் இருவரும் பின்னால், பெண்களின் இருபக்கமும், முழங்கால் மூக்கைத் தொட உட்கார்ந்து போனார்கள். வழியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. டிரைவர் மட்டும் கண்ணாடியைத் துடைத்தபடி, "பையில என்னங்க இருக்கு, இப்படி நாறுது?" என்று கேட்டார்.

மைதானத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். செயற்கைப் புல் ஈரமாக இருந்தால்தான் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். அம்மாவும் மகளும் நடு வரிசையில் இடம் பிடித்தார்கள். பின் வரிசையில் கிளப்பின் ஆட்டம் ஒன்று விடாமல் பார்க்கிற இரண்டு பேர்: ஒருவர் சலூன்காரர், இன்னொருவர் மருந்துக்கடைக்காரர். முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியாமல் சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள்.

"பையனைத்தான் எடுக்கணும்" என்றார் சலூன்காரர். "அவன் வலது காலைப் பார்த்திருக்கீங்களா? பந்து வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது."

"காலு இருந்தா போதுமா?" என்றார் மருந்துக்கடைக்காரர். "பெரிய லீக்ல ஒரு தரம் அடி வாங்கினா பையன் சுருண்டுடுவான். ஒரு வருஷம் போகட்டும்."

"ஜூனியர்ல அவனுக்கு வருஷம் ஏது? இன்னிக்கு விட்டா பையன் காணாமலே போயிடுவான்."

"அதுக்காக? சுவருக்கு அனுபவம் இருக்கு."

"எதுல? பெஞ்சுலயா?"

மகள் கழுத்தைத் திருப்பாமல் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகினாள். அம்மா அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். அம்மாவின் போன் அடித்தது. அப்பா. லாரி ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர், எங்கோ வழியில் இருந்தார்.

"ஆரம்பிச்சாச்சா? யாரு ஜெயிக்கறா?"

"இன்னும் விசிலே அடிக்கலங்க."

"நான் யாருக்கு வேண்டிக்கறது, சொல்லு."

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். அவளுக்கே அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் சொல்ல மாட்டாளா?

விசில் அடித்தது.

பையன் நிற்கிற கோல் பக்கம்தான் முதலில் பந்து போனது. வலது ஓரத்திலிருந்து ஒரு அடி, தரையோடு தரையாக. அவன் விழவில்லை. அவசரப்பட்டு விழுவதுதான் அவனுடைய பழைய வியாதி. "நின்னா நீ செங்கல், படுத்தா நீ பாய்" என்று அத்தான் எத்தனையோ தரம் திட்டியிருக்கிறார். அன்று நின்றான். வலது காலை நீட்டி உதைத்த உதையில் பந்து பக்கக் கோட்டைத் தாண்டியது. அடுத்தது நெஞ்சுக்கு வந்தது, இடது கையால் தட்டினான். எதிரணி கோல் கோட்டிலிருந்து தள்ளி அடிக்கிற பெனால்டி கார்னரில், வலையின் மூலைக்குப் போன பந்தை எப்படி எட்டினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. சமையலறையில் சொன்ன 'சரி' மூளையில் இருந்தது. உடம்புக்கு அது போய்ச் சேரவில்லை.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா!" என்று சலூன்காரர் எழுந்து நின்றார்.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவனைத் தடுக்கப் பார்த்தோமே என்று அப்போதுதான் முதன்முதலாக அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நன்றாக ஆடுகிற பிள்ளை என்று தெரியாமலா இருந்தது? தெரியும். ஆனாலும் தெரியாது.

எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை.

முதல் கோல் அவர் காலுக்கும் கம்பத்துக்கும் நடுவே போனது. யார் பார்த்தாலும் நல்ல அடி, ஒன்றும் செய்திருக்க முடியாது என்றுதான் சொல்வார்கள். இரண்டாவதுக்கு அவர் சரியான பக்கம்தான் பாய்ந்தார், ஆனால் ஒரு மூச்சு தாமதம். மூன்றாவது அவர் ஸ்டிக்கில் பட்டு உள்ளே உருண்டது. எல்லாம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. மனைவிக்கு மட்டும் தெரிந்தது, அவர் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று.

அவள் கேட்டது இதைத்தான். ஆனால் இதில் சிரிப்பும் சேர்ந்து வரும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

"சுவராம் சுவரு" என்று யாரோ ஒருவன் கத்தினான். "ஜன்னல்டா அது! காத்து நல்லா வருது!"

வரிசை வரிசையாகச் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர்கூடச் சிரித்தார், அதுவரை சுவர் பக்கம் பேசிக்கொண்டிருந்தவர். மகளுக்கு எழுந்து நின்று, போதும், நிறுத்துங்க, உங்களுக்கு வர்றதை ஆடுங்க என்று கத்த வேண்டும் போல் இருந்தது. அங்கிருந்து கத்தினால் அவர் காதில் விழாது. விழுந்தால் ஊருக்கே தெரிந்துவிடும்.

"எங்கடி போறே?"

"தண்ணி குடிச்சிட்டு வரேம்மா."

இடைவேளையில் கம்பி வேலி வரைக்கும் போனாள். காவலாளி மறித்தார்.

"உள்ள போகக் கூடாதும்மா."

"ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். நான் அவர் வைஃப்."

"ஆட்டம் முடியட்டும். எல்லாரோட வைஃபையும் விட்டா நான் எங்க போறது?"

வேலிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றித் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். கையை உயர்த்தி, எல்லாம் சரியாகப் போகிறது, நீ கவலைப்படாதே என்று சைகை காட்டினார். அவள் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் அதைப் போதவில்லை என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் பாதியைப் பற்றி எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதித்தானே ஆக வேண்டும்.

பையன் அந்தக் கோடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தானுக்கு இன்று கை ஓடவில்லை, சிரிக்கிறார்கள், இப்படியே போனால் மனிதர் முடிந்தார் என்று நினைத்தான். அம்மா காலையில் சொன்னது இப்போது உடம்புக்கு வந்து சேர்ந்தது.

அத்தானைப் போல அழகாகத் தோற்க அவனுக்குத் தெரியாது. அதற்கு வயதாக வேண்டும். கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டத்தின் விளிம்பிலிருந்து ஒரு பந்து, ஜூனியர் பிள்ளைகள்கூடக் காலால் நிறுத்திவிடுகிற பந்து, நேராக அவனிடம் வந்தது. பையன் காலைத் தூக்கினான். பந்து அடியில் புகுந்து வலைக்குக் கீழே இருக்கும் பலகையில் 'டொக்' என்று இடித்தது.

சலூன்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அடுத்த பெனால்டி கார்னருக்கு அவன் அசையவே இல்லை. பேடு கட்டிய பொம்மை போல நின்றான். அதற்கடுத்த பந்துக்கு எதிர்ப்பக்கம் பாய்ந்தான்.

"டேய்!" என்று அம்மா எழுந்துவிட்டாள். அவள் குரல் இரண்டு வரிசையைக்கூடத் தாண்டவில்லை.

"என்னாச்சு பையனுக்கு? கால் மரத்துப் போச்சா?" என்றார் சலூன்காரர், சொந்தப் பிள்ளை போன வருத்தத்தோடு.

"பயம் சார்" என்றார் மருந்துக்கடைக்காரர். "நான்தான் சொன்னேனே. பெரிய இடத்தைப் பார்த்ததும் சுருண்டுட்டான்."

அம்மாவுக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. பயமா? என் பிள்ளைக்கா? பயம் இல்லை அது, நான், நான்தான் அது என்று சொல்ல வாய் வரை வந்தது. பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

மச்சினன் சரிவதை எதிர்க்கோடியிலிருந்து மாப்பிள்ளை பார்த்தார். ஐயோ, பையனுக்கு இடம் கை நழுவுகிறதே என்று பதறி, இன்னும் ஒன்றை விட்டார். அதைப் பார்த்துப் பையன் இன்னொன்றை விட்டான். எத்தனையோ குடும்பச் சண்டைகளை எழுதியிருக்கிறேன். இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு கீழே விழுந்த சண்டையை இப்போதுதான் எழுதுகிறேன். கடைசி விசில் அடித்தபோது யாரும் கை தட்டவில்லை.

உடை மாற்றும் அறைக்கு வெளியே நீளமான நடை. அதன் கடைசியில் பயிற்சியாளரின் அறை. அம்மாவும் மகளும் வெளி வாசற்படியில் நின்றார்கள்.

மாப்பிள்ளையைத்தான் முதலில் கூப்பிட்டார். போன வேகத்தில் வெளியே வந்தார். தோளில் பை. முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம்.

"எனக்கு இல்ல" என்றார் மனைவியிடம். "வயசாச்சுன்னு நேராவே சொல்லிட்டாரு. தம்பியைத்தான் அடுத்து கூப்பிட்டிருக்காரு. விடு. அவன் கடைசியில கொஞ்சம் தடுமாறினான், ஆனா முதல் பாதிக்கே குடுத்துடுவாரு." பிறகு அம்மாவைப் பார்த்து, "அத்தை, உங்க பிள்ளை பெரிய ஆளாயிட்டான்" என்று சொல்லிவிட்டு, பையை வண்டியில் போடப் போனார்.

அம்மாவுக்கு ஒரு கணம் சந்தோஷம் பொங்கியது. மறைக்க முடியாத சந்தோஷம். அடுத்த கணமே மகள் பக்கம் திரும்பி, "அழாதேடி" என்றாள்.

"நான் அதுக்கு அழலம்மா." மகள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான்தான் அவர்கிட்ட கேட்டேன். தம்பிக்கு விட்டுடுங்கன்னு. இப்படி ஊரே சிரிக்கும்னு நான் நினைக்கவே இல்ல."

"என்னது?"

"உனக்காகத்தாம்மா. நீ தாங்க மாட்டேன்னு."

அம்மா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா? என்னம்மா ஆச்சு?"

"நான் அவன்கிட்ட..." என்று ஆரம்பித்தாள் அம்மா. மேலே சொல்ல வரவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. மகளுக்குப் புரிந்துவிட்டது.

பையன் வெளியே வந்தான். தலை ஈரம். கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தான். அம்மாவின் அருகில் வந்து தாழ்ந்த குரலில், "எனக்கு இல்லம்மா. அத்தானுக்குத்தான் இருக்கும். நிம்மதியா?" என்றான். "யாரு சொல்லி விட்டேன்னு கோச் கேட்டாரு. நான் வாயே திறக்கல. நீ பயப்படாதே."

அதைச் சொல்லிவிட்டு அக்காவின் தோளைத் தட்டினான். "அத்தான் எங்கக்கா?"

வண்டி நிற்கிற பக்கம் அவள் கை காட்டினாள். அவன் போனான். அவனைப் பிடித்து நிறுத்த இருவருக்கும் கை எழவில்லை.

பயிற்சியாளர் போனைக் காதில் வைத்தபடியே அறையை விட்டு வந்தார். "ஆமா, உங்ககிட்ட இருக்கற கீப்பர்ல ஒருத்தனை அனுப்புங்க. இங்க ரெண்டு பேரும் சரிவரல. நாளைக்குக் காலையில உறுதி பண்றேன்." போனை வைத்தவர் அம்மாவைப் பார்த்து நின்றார்.

"உங்க பையன் வேணும்னே விட்டான். அது எனக்குத் தெரியும். யாரோ சொல்லியிருக்காங்க. யாருன்னு சொன்னா மேல யோசிக்கலாம்னு இருந்தேன். மாட்டேங்கறான். உங்களுக்கு ஏதாவது தெரியுமாம்மா?"

அம்மா வாயைத் திறந்தாள். சொன்னால் மகனுக்கு இடம் கிடைக்கலாம். சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்கிற மகளின் புருஷனை வயதானவன் என்ற பெயரோடு வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். மகளும் வாயைத் திறந்தாள். அவரும் வேண்டுமென்றேதான் விட்டார், அவர் இன்னும் சுவர்தான் என்று அவள் சொல்லலாம். சொன்னால் தம்பி போனான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை நாளும் அடுத்தவருக்காகக் கேட்டுப் பழகியவர்களுக்கு, தனக்காகக் கேட்க வாய் எப்படி வரும்?

பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"காலை வரைக்கும் யோசிங்க. அதுக்கு மேல என் கையில இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெளியே, பையைப் போட்டுவிட்டு மாப்பிள்ளை திரும்பி வந்துகொண்டிருந்தார். பையன் அவரைப் பார்த்ததும் ஓடினான். அவரும் நடையை எட்டிப் போட்டார். இருவர் முகத்திலும் அப்பட்டமான சந்தோஷம். அதில் துளி நடிப்பு இல்லை. வாகனங்களுக்கு நடுவே, ஈரத் தரையில், ஒருவரை ஒருவர் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

"வாழ்த்துக்கள்டா மச்சான்!" என்றார் அவர்.

"வாழ்த்துக்கள் அத்தான்!" என்றான் அவன், அதே மூச்சில்.

கட்டிய கையை எடுக்காமல் இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு மெதுவாக, முதலில் அவரும் அப்புறம் அவனும் தலையைத் திருப்பி, வாசற்படியில் நின்ற இரண்டு பெண்களையும் பார்த்தார்கள்.